நோயாளியின் கூற்று

எங்கள் இலவச மருத்துவமனையின் படிவத்தில் முதல் கட்டத்துக்கு ‘நோயாளியின் கூற்று’ என்று பெயர். நோயாளி சொல்வதை அவருடைய சொற்களிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் கட்டத்தை நிரப்பி வருபவன் நான். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளனாக இருந்தேன். யாரும் சொல்லாத ஒன்றை எழுதியதில்லை; சொன்ன ஒன்றை மாற்றியதுமில்லை. ட்வைலா கோயின்ஸின் விண்ணப்பத்தைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் என்ன செய்தது என்பதையும் அதே முறையில் எழுதிவைக்கிறேன்.

ட்வைலாவும் நானும் ஹேல்ஸ் கேப் பள்ளியில் ஒரே வகுப்பு. படுக்கையில் கிடக்கும் முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தூக்குவாள், குளிப்பாட்டுவாள், சமைத்துப் போடுவாள். கூலி கையில் வரும். எந்த அரசுக் கணக்கிலும் அவள் பெயர் ஏறவில்லை. ஒரு மார்ச் மாதம், கிழவி ஒருத்தியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவளுடைய இடது இமை தானாக மூடிக்கொண்டது. அடுத்த மாதம் கைகள் தலைக்குமேல் எழவில்லை. கோடையில் இறைச்சியை மெல்ல முடியாமல் போயிற்று. நாக்ஸ்வில் நகரத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றபோது நோயின் பெயர் சொன்னார்கள்: தசைச் சோர்வு நோய். நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. காலையில் ஆள் நன்றாக இருப்பாள். பிற்பகலில் ஒவ்வொன்றாக அணையும்.

எங்களிடம் நுரையீரலை அளக்கும் கருவி இல்லை. வியாழக்கிழமை தோறும், எங்கள் மருத்துவமனை நடக்கும் பழைய பள்ளியின் உணவுக்கூடத்துக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கும் ஓய்வுபெற்ற மருத்துவர் வோஸ், ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று எண்ணச் சொல்வார். நலமாக உள்ளவர் நாற்பதைத் தாண்டுவார். ட்வைலா முதல் முறை முப்பத்தொன்று எண்ணினாள்.

“மாத்திரை கொஞ்ச நாள்தான் தாங்கும்,” என்றார் வோஸ். “மாசத்துக்கு ஒருதரம் டிரிப்ஸ்ல மருந்து ஏத்தணும். நெஞ்சுக்குள்ள ஒரு சுரப்பிய எடுக்கணும். ரெண்டும் இங்க முடியாது. இருபதுக்குக் கீழ எறங்கினா, ஒரு சளி போதும்மா.”

“எதுக்குப் போதும்?”

“மூச்ச நிறுத்த.”

“நேராவே சொல்றீங்க டாக்டர். எங்க சபைப் பாஸ்டரா இருந்திருந்தா அரமணி நேரம் சுத்தி வந்திருப்பாரு.”

அந்த மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் வேண்டியது, செலவை ஏற்கும் அரசின் மருத்துவ அட்டை. எங்கள் மாநிலத்தில், வீட்டில் பிள்ளை இல்லாத ஏழைக்கு, அவன் எவ்வளவு ஏழையானாலும், அட்டை கிடையாது. ஊனமுற்றவன் என்று அரசு ஒப்புக்கொண்டால் மட்டுமே உதவித்தொகையும் அதனோடு அட்டையும் வரும். ட்வைலா விண்ணப்பித்தாள். ஐந்து மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது: சிறப்பு மருத்துவர் அண்மையில் பரிசோதித்த ஆவணம் எதுவும் இல்லை.

“சிறப்பு டாக்டரப் பாக்க அட்ட வேணும். அட்ட வேணும்னா சிறப்பு டாக்டரப் பாத்திருக்கணும்,” என்றாள் ட்வைலா. “கதவப் பூட்டிச் சாவிய உள்ளயே வச்சுட்டு, ஏன் வரலேன்னு கேக்கறாங்க.”

மேல்முறையீட்டுக்கான படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்; எங்கள் மருத்துவமனைப் பதிவுகளும் அவ்வப்போது அதனோடு சேர்க்கப்பட்டன.

அது பரிசீலனையில் இருந்த ஏப்ரலில் அவளுடைய சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. பாஸ்டர் ஆர்வில் எண்ணெய் பூசி ஜெபித்தார். நாற்பது பேர் அவள்மீது கை வைத்தார்கள். இமை எழுந்தது. மறுநாள் அவள் சபை முன் எழுந்து நின்று, குணமானதாகச் சாட்சி சொன்னாள். அதற்கடுத்த மூன்று வாரமும் கை தலைக்குமேல் போயிற்று. சபை விருந்தில் வறுத்த கோழியை எலும்பு வரை தின்றாள். இந்த நோய் இடையில் தானாகவே விலகி நிற்பதுண்டு என்று வோஸ் எனக்குச் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியும் பயனிருக்காது.

பதினாறு வயது வரை நானும் அந்தச் சபையில்தான் வளர்ந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குணம் கேட்டு ஜெபித்த கணமே அது கொடுக்கப்பட்டாயிற்று என்பது அங்குள்ள நம்பிக்கை. உடலில் அறிகுறி மிஞ்சியிருக்கலாம். ஆனால் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று வாயால் சொன்னால், வாங்கிய குணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகும். ஆகையால் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே ‘குணமாயிட்டேன்’ என்பார்கள். என் தாய் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு அடுத்த வியாழக்கிழமை ட்வைலா வந்து உட்கார்ந்தாள். படிவத்தின் முதல் கேள்வியைக் கேட்டேன்.

“எப்படி இருக்க ட்வைலா?”

“கர்த்தர் என்னக் குணமாக்கிட்டாரு. எனக்கு ஒரு நோவும் இல்ல. எழுதிக்க எமரி.”

எழுதினேன். அவள் சொன்னது சொன்னபடி.

“அப்ப மாத்திர வேண்டாமா?”

“அதக் குடு, குடு. குணம் மேலேருந்து அனுப்பியாச்சு. உடம்புக்கு இன்னும் தபால் வந்து சேரல.” சிரித்தாள். “நம்ம ஊருத் தபாலு தெரியுமில்ல?”

இதை நான் எழுதவில்லை. இது முதல் கேள்விக்கான பதில் அல்ல. நான் பேச்சுவாக்கில் கேட்டதற்கு வேடிக்கையாகச் சொன்ன பதில். கட்டமும் நிரம்பியிருந்தது. அன்று அவள் ஒரே மூச்சில் முப்பத்தெட்டு எண்ணினாள். அதையும் எழுதினேன்.

மே மாதத்தில் இமை மறுபடியும் இறங்கியது. ஜூனில் எண்ணிக்கை இருபத்தாறு. எப்போது கேட்டாலும் அவள் சொன்னது ஒன்றே: குணமாகிவிட்டேன். சோளரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டு, ஊறவைத்து, கரண்டியால் விழுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து வைக்க, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் இமையைப் புருவத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தாள்.

ஆகஸ்டில் அவளுடைய அண்ணன் ரோண்டல் ஒரு கடிதத்தோடு வந்தான். மரம் அறுக்கும் மில்லில் வேலை. சபைப் பக்கம் போகாதவன். தொப்பியைக் கழற்றாமல் கடிதத்தை என் மேசையில் போட்டான்.

“வாசி. உன் கையெழுத்து சர்க்கார் வரைக்கும் போயிருக்கு.”

இரண்டாவது மறுப்பு. மூன்றாம் பத்தியில் என் வரி மேற்கோள் குறியோடு இருந்தது: ‘கர்த்தர் என்னைக் குணமாக்கிவிட்டார். எனக்கு ஒரு நோவும் இல்லை.’ அதனடியில், முப்பத்தெட்டு.

“அவ சொன்னதத்தான் எழுதினேன் ரோண்டல்.”

“அவ நெதமும் சொல்றா. நேத்துக்கூடச் சொன்னா. சொல்லும்போது எச்சி வழிஞ்சி ரவிக்க நனஞ்சி போச்சு. அத எழுதுனியா? நீ பாத்தத எழுத ஒரு கட்டம் இல்லையா உன் காயிதத்துல?”

“இருக்கு. அது டாக்டர் எழுத வேண்டியது.”

“ஓகோ.” தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான். “கண்ணு டாக்டருக்கு மட்டும்தான் இருக்கு போல.”

இனி மிச்சமிருந்தது நீதிபதி முன் விசாரணை. இலவசச் சட்ட உதவி மையத்திலிருந்து கில்கோர் என்ற பெண் வழக்கறிஞர் ட்வைலாவுக்காக வந்தார். முப்பது வயதிருக்கும், காரின் பின்னிருக்கை முழுதும் கோப்புகள். என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“மிஸ்டர் கெட்ரன், ஒரு வார்த்த. அந்தம்மாவுக்கு இன்னும் ரெண்டு வயசு கூட இருந்தா அம்பது ஆயிருக்கும். அம்பதுக்கு மேல விதி வேற, சுலபமா ஜெயிச்சிருப்பேன். இப்ப உங்க வரிதான் நடுவுல நிக்குது. அத எடுக்க முடியுமா?”

“பதிவ மாத்தறதில்லைங்க.”

“மாத்தச் சொல்லல. பின்குறிப்பு சேக்கலாமில்ல? அவங்க சபையில அதுக்கு என்ன அர்த்தம்னு? அன்னிக்கு வேற எதாவது சொன்னாங்களா?”

தபாலைப் பற்றிச் சொன்னேன்.

“இது ஏன் பதிவுல இல்ல?”

நான் காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அது சிறிய காரணமாகத் தெரிந்தது.

பின்குறிப்பு ஒன்றரைப் பக்கம் வந்தது. அன்று அவள் சொன்ன மற்ற வாக்கியத்தைச் சேர்த்தேன். பிறகு, அந்தச் சபையில் நோய் நீங்காதபோதும் நீங்கிவிட்டதாகச் சொல்லும் வழக்கம் உண்டு என்றும், அது நம்பிக்கையைச் சொல்லும் பேச்சேயன்றி உடலின் நிலையைச் சொல்லும் பேச்சன்று என்றும் எழுதினேன். பிறர் சொல்லுக்கு நான் பொருள் எழுதியது அது முதல் தடவை. நான்கு முறை திருத்தினேன். பிழையில்லை என்று நினைத்தேன். ட்வைலாவிடம் காட்டவில்லை.

விசாரணை நாள் வர அடுத்த ஆண்டு அக்டோபர் ஆயிற்று. அப்போது அவளுடைய எண்ணிக்கை பத்தொன்பது. நேரம் காலை ஒன்பது மணி. பிற்பகலுக்கு மாற்றித் தரும்படி கில்கோர் இருமுறை கேட்டிருந்தார். இடமில்லை என்று பதில் வந்தது. இரவெல்லாம் படுத்து ஓய்ந்த தசைகளோடு, இரு கண்களும் திறந்து, தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையில் ட்வைலா என் காரில் ஏறினாள். நானே அவளைப் பார்த்து நலம் என்றுதான் எழுதியிருப்பேன்.

நீதிபதி வேறொரு நகரத்தில் இருந்தார். அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதில் அவர் மார்பளவு தெரிந்தார். சத்தியம் செய்யும்போது ட்வைலா வலது கையை உயர்த்தி, இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

அவர் கடுமையான மனிதர் அல்லர். வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். துணி மடிப்பீர்களா என்று கேட்டார்.

“மடிப்பேன் ஐயா. நாலு துண்டு மடிச்சா அஞ்சாவது என்ன மடிக்கும்.”

அவர் புன்னகைத்தார். பிறகு காகிதத்தைப் புரட்டினார்.

“மிஸ் கோயின்ஸ், போன வருஷம் ஏப்ரல்ல ‘கர்த்தர் என்னக் குணமாக்கிட்டாரு, எனக்கு ஒரு நோவும் இல்ல’ன்னு நீங்க சொன்னதா இருக்கு. மிஸ்டர் கெட்ரன் ஒரு கடிதம் குடுத்திருக்காரு. உங்க சபையில நோய் இருக்கும்போதே அப்படிச் சொல்ற வழக்கம் உண்டு, அது உடம்பப் பத்தின பேச்சு இல்லன்னு எழுதியிருக்காரு. அது சரிதானா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். கேள்வியை அவர் அந்தச் சொல்லுக்காகவே அமைத்திருந்தார் என்று இன்றும் நினைக்கிறேன். கில்கோரின் பேனா நின்றது.

ட்வைலா என் பக்கம் திரும்பினாள்.

“எமரி, நீயா அப்படி எழுதுன?”

“ஆமா.”

திரும்பித் திரையைப் பார்த்தாள். “ஐயா, எமரி நல்லவன்தான். ஆனா சின்ன வயசுலயே சபைய விட்டுப் போனவன். அதான் தப்பா எழுதிட்டான். நான் பேச்சுக்குச் சொல்லல.”

“அப்படின்னா உங்களுக்கு நோய் இல்லேன்னு சொல்றீங்களா?”

“ஐயா, என் கட்சிக்காரர் சொல்ல வர்றது—” என்று கில்கோர் எழுந்தார்.

“அவங்களே சொல்லட்டும்மா.”

“கை எழும்பல. மெல்ல முடியல. சாயங்காலம் கண்ணு மூடிக்குது. எதையும் நான் மறைக்கல ஐயா. கேளுங்க, சொல்றேன். ஆனா நோய் இருக்குன்னு என் வாயால வராது. குணம் குடுத்தாரு, வாங்கிட்டேன். இப்ப இல்லேன்னு சொன்னா அவரப் பொய்யராக்கற மாதிரி. அதுவும் கைய ஒசத்திச் சத்தியம் பண்ணிட்டு.”

“அந்த மூணு வாரம் எப்படி இருந்தீங்க?”

“கோழி வறுவல் தின்னேன் ஐயா. ரெண்டு தட்டு.”

நீதிபதி இன்னும் இரு விதமாகக் கேட்டார். இரு விதமாகவும் அவள் அதையே சொன்னாள். பேச்சு நீளநீள அவள் குரல் மூக்குக்குள் இறங்கியது. இருபதாவது நிமிடத்தில் இடது இமை விழுந்தது. அவள் சுட்டுவிரலால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “குணமாயிட்டேன்,” என்று வாக்கியத்தை முடித்தாள். அப்போது நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்கு முன் விரலை எடுத்துவிட்டாள்; இமை சற்று நின்றது. கில்கோர் அதைப் பதிவில் சேர்க்கும்படி சொன்னார். “நான் கவனிக்கல, நீங்க சொன்னது பதிவுல இருக்கும்,” என்றார் நீதிபதி. என்னைச் சாட்சியாக அழைக்கவில்லை. எதற்கு அழைப்பது? என் கடிதத்தைத் தவறென்று அவளே சொல்லிவிட்டாளே.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் கில்கோர் கோப்பைக் காரின் கூரைமேல் வைத்தார்.

“ஒரே வார்த்தம்மா. ஆமான்னு ஒரு வார்த்த. நாம மூணு தடவ ஒத்திக பாத்தோம்.”

“பாத்தோம் கண்ணு. நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த.”

“அந்த அட்டையில உங்க உசிரு இருக்கு. இது புரியுதா உங்களுக்கு?”

“புரியுது. ஆனா அத வாங்கிப் பையில வச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம எந்திரிச்சு நின்னு என்ன சாட்சி சொல்லுவேன்? சர்க்கார் கேட்டாங்க, அதனால இல்லேன்னுட்டேன்னா?”

கில்கோர் கோப்பை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். வேறொரு வழக்கின் விசாரணைக்கு எண்பது மைல் போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி அவளுக்கு மில்க்‌ஷேக் வாங்கிக் கொடுத்தேன். உறிஞ்சுகுழாயில் இழுக்கும் வலுவில்லை. மூடியைக் கழற்றிவிட்டுக் குடித்தாள்.

“கோவமா எமரி?”

“இல்ல. என்கிட்ட நீ கோவப்படணும்.”

“எதுக்கு? எழுதச் சொன்னதே நான்தான?” சிறிது தூரம் போன பின் சொன்னாள்: “ஆனா ரெண்டாவதா ஒரு கடுதாசி எழுதுனியே, அதுக்குக் கொஞ்சம் கோவம். அர்த்தம் என்னன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாம்.”

தீர்ப்பு டிசம்பரில் வந்தது. மறுப்புத்தான். காரணம் பதினோரு பக்கத்துக்கு இருந்தது. என் பின்குறிப்பு நிகழ்ச்சிக்குப் பல மாதம் கழித்து எழுதப்பட்டது. விண்ணப்பதாரரே அதை மறுத்திருக்கிறார். எனவே அதற்கு மதிப்பு குறைவு. முதல் பதிவு அன்றே, அவர் சொற்களிலேயே எழுதப்பட்டது. எனவே அதற்கு மதிப்பு அதிகம். நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் யார் கேட்டிருந்தாலும் நானும் அப்படியேதான் சொல்லியிருப்பேன்.

மறுமுறை முறையிட அறுபது நாள் இருந்தது. ஜனவரி இரண்டாம் வியாழக்கிழமை அதற்கான காகிதத்தில் கையெழுத்திட ட்வைலா வந்தாள். சபையில் பாதிப்பேருக்குச் சளி என்று ரோண்டல் சொன்னான்; அவன்தான் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தான். இரு இமைகளும் பிளாஸ்திரியில் நின்றன. தாடை தொங்காமலிருக்க உள்ளங்கையை அதற்கு முட்டுக்கொடுத்திருந்தாள்.

“எப்படி இருக்க ட்வைலா?”

“கு...ண...”

“கேள்வியா கேக்கற?” என்றான் ரோண்டல். “கண்ணத் தொறந்து பாத்து எழுதேன்டா இந்த ஒரு தடவயாவது.”

வோஸ் உள்ளறையில் வேறொரு நோயாளியோடு இருந்தார். “எண்ணு ட்வைலா,” என்றேன்.

எண்ணினாள். ஆறில் நின்றது.

நான் பேனாவை வைத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தேன்.

நாக்ஸ்வில்லில் தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரத்தில் சேர்த்தார்கள். உயிருக்குப் போராடியபடி அவசரப் பிரிவின் கதவுக்கு வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்பச் சட்டம் விடாது. ஆகவே இரண்டரை ஆண்டுகளாகக் கிடைக்காத டிரிப்ஸ் மருந்தை அன்றிரவே ஏற்றினார்கள். அங்குள்ள சமூகப் பணியாளர் ஒரு புதிய விண்ணப்பத்தை நிரப்பினார். இரண்டாம் நாள் என்னை அழைத்தார்.

“விண்ணப்பதாரர் தன் நெலமையப் பத்திச் சொல்றதுன்னு ஒரு எடம் இருக்கு சார். அவங்களால பேச முடியாது. பேச இயலாத நிலைன்னு போட்டுடட்டுமா? உங்க பதிவுல எதாவது இருக்கா?”

“பேச முடியலேன்னா அப்படியே போடுங்க,” என்றேன்.

சனிக்கிழமை பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் எதையோ எழுதினாள். மறுபடியும் எழுதச் சொன்னேன், எழுதினாள். ஒரு சொல், அல்லது சொல்லின் பாதி. எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியதாக இங்கே எழுத மாட்டேன்.

விண்ணப்பம் பன்னிரண்டாம் நாள் ஏற்கப்பட்டது. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பதினேழாம் நாள் நுரையீரலில் சளி இறுகிக் காய்ச்சல் கண்டது. பத்தொன்பதாம் நாள் காலை இறந்தாள். பாஸ்டர் ஆர்வில் அடக்கத்தில், சிஸ்டர் ட்வைலா இப்போது முழுக் குணம் பெற்றாள் என்றார். சபையார் ஆமென் சொன்னார்கள். ரோண்டல் கல்லறை வேலிக்கு வெளியே தன் லாரியில் சாய்ந்து நின்றான்.

அதற்கடுத்த வியாழக்கிழமை அவன் மருத்துவமனைக்கு வந்தான். இம்முறை தொப்பியைக் கழற்றியிருந்தான். மேசைமேல் ஒரு உறையை வைத்தான். உள்ளே அட்டை. அவள் பெயர், எண், ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து செல்லும் என்ற தேதி.

“தபால் வந்து சேந்துருச்சு,” என்றான்.

அந்தப் பேச்சை அவள் அவனிடமும் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இத என்ன செய்யணும்?”

“திருப்பி அனுப்பணும். எறந்த தேதிய எழுதி.”

“எழுது. அதுக்குத்தான் வந்தேன்.”

எழுதினேன். அவன் கையெழுத்திட்டான். பின் போகாமல், வரிசையில் காத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெஞ்சின் முனையில் அவளுடைய சபையைச் சேர்ந்த ஒருவர், வீங்கிய காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பிரதர் லூதர், எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன். படிவத்தில் அதுதான் முதல் கேள்வி.

“குணமாயிட்டேன் எமரி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

எழுதினேன். பிறகு மேசையைச் சுற்றி வந்து, மண்டியிட்டு, அவருடைய காலுறையைக் கீழிறக்கி, கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது; நலமான காலில் அப்படி விழாது. அது மேலெழும்வரை எண்ணினேன், நாற்பதைத் தாண்டியது. கட்டம் நிரம்பியிருந்ததால், அதை ஓரத்தில் எழுதினேன்.